மஞ்சளும் காரீயமும்

கடையில் மஞ்சள் வாங்கும்போது நாம் முதலில் நோக்குவது அதன் நிறத்தையே. பொன்போல் ஒளிர்வதே நல்ல மஞ்சள் எனக் கொண்டு, மங்கலானதை ஒதுக்கி விடுகின்றோம். கண்ணுக்கு நாம் கொடுக்கும் இம்முதன்மை எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு வங்காளதேசத்தில் நிகழ்ந்ததொன்று சான்றாகும்.

அந்நாட்டின் கிராமப்புறங்களிலே கருவுற்ற தாய்மாரின் குருதியைச் சோதித்த ஆராய்ச்சியாளர், ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேரிடத்தே காரீயம் மிகுந்திருக்கக் கண்டனர். பாத்திரங்களுக்குப் பூசப்படும் வெள்ளீயம் வேறு; காரீயம் கொடிய நஞ்சு. காரீயம் கலந்த பெற்றோலின் பாவனை அங்கு 1999ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயின் இந்நஞ்சு வந்த வழி யாது? அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தாரும் டாக்காவிலுள்ள வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதனைத் தேடியபோது, அவ்வழி சமையலறையிற் சென்று முடிந்தது. தாய்மாரின் குருதியில் இருந்த காரீயமும் மஞ்சளில் இருந்த காரீயமும் ஒத்த தன்மையின என்பது 2019இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று.

இத்தீய வழக்கம் 1980களில் ஏற்பட்ட ஒரு பெருவெள்ளத்தின்பின் தோன்றியதாம். ஈரத்தினால் நிறங்கெட்ட மஞ்சளை வாங்குவோர் இல்லை. ஆகவே, கிழங்குகளைத் தேய்த்து மெருகிடுவோர் ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சள் நிறப் பொடியை அவற்றின்மேற் பூசலாயினர். வர்ணப்பூச்சுகளுக்கு நிறமூட்டும் பொருள் அது. வெள்ளம் வடிந்தது, வழக்கமோ வடியவில்லை. ஒளிரும் மஞ்சளையே மக்கள் விரும்பினர்; விரும்பியதையே வணிகர் கொடுத்தனர்.

உடலிற் புகுந்த காரீயம் கல்சியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டு எலும்பிற் பல்லாண்டு தங்குகின்றது. தாயின் எலும்பிலிருந்து கருவிலுள்ள சிசுவுக்குக் கல்சியம் செல்லும்போது காரீயமும் உடன் செல்கின்றது. முதிர்ந்தோரிலும் பார்க்கக் குழந்தைகளின் குடல் அதனை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகின்றது. முதிர்ந்தோர்க்குக் குருதி அமுக்கமும் சிறுநீரகக் கோளாறும் உண்டாகும். குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியே குன்றும். கவனம் சிதறும்; கல்வியில் மந்தம் ஏற்படும். இவ்வளவு காரீயம் தீங்கற்றது என்று கூறத்தக்க எல்லை எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் உரைக்கின்றது. இவ்வாறு இழந்த அறிவாற்றலை மீட்டுக் கொடுக்க ஆசிரியராகிய எம்மால் இயலாது.

எனினும் இக்கதையின் முடிவு நம்பிக்கை தருவதாகும். உண்மை வெளிப்பட்டதும் வங்காளதேச அரசின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை விரைந்து செயற்பட்டது. சந்தைகள்தோறும் எச்சரிக்கை அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. நச்சு மஞ்சள் விற்ற மொத்த வியாபாரிகள் தண்டம் செலுத்தினர். அக்காட்சியைத் தொலைக்காட்சி வாயிலாக நாடே கண்டது. 2019இற் சந்தையில் எடுத்த மாதிரிகளுள் நூற்றுக்கு 47இற் காணப்பட்ட காரீயம், 2021இல் ஒன்றிலேனும் காணப்படவில்லை.

இல்லத்தரசியர் அறியவேண்டுவன சில உள. காரீயம் ஓர் உலோகமாதலின் கொதிக்க வைப்பதால் அழியாது. பூசிய கிழங்கை வீட்டில் அரைத்தாலும் நஞ்சு நஞ்சே. ஆதலின் மெருகிடாத, தோல் சொரசொரப்பான கிழங்கை வாங்கிக் கழுவி உலர்த்தி இடிப்பித்தல் நன்று. தூளாயின், நம்பத்தக்க இடத்தில் வாங்குதல் வேண்டும். இரும்பும் கல்சியமும் போதிய அளவு அடங்கிய உணவை உண்ணும் பிள்ளைகளின் உடல் காரீயத்தைக் குறைவாகவே ஏற்கும். கீரையும் பாலும் மீனும் இவ்வகையில் உதவுவன.

நிறத்தை மட்டும் கொண்டு நஞ்சின்மையைத் துணிய முடியாது. அது பரிசோதனைக் கூடத்தின் பணி. ஆயினும் மிகையான பளபளப்பைக் கண்டு மயங்காதிருத்தல் நம் கையில் உள்ளது. வாங்குவோரின் விருப்பம் மாறினால் விற்போரின் வழக்கமும் மாறும்.