கண்மாயைத் திரையில் அளக்கும் முன்: ஜிஐஎஸ் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு

மதுரை மாவட்டத்துக் கண்மாய் ஒன்று முப்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று ஆராய வருகிறார் ஒரு முதுநிலை மாணவி. துறைக் கணினியில் கியூஜிஐஎஸ் மென்பொருள் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்கள் இணையத்தில் இலவசம். பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று என இறக்கி, தண்ணீரை மட்டும் நீல நிறத்தில் பிரித்தெடுத்து அடுக்கினால் ஒரே மாலையில் வரைபடம் தயார். பாதிக் கண்மாயைக் காணோம்! ஆனால் பழைய படம் ஜனவரியில் எடுத்தது. புதியது மே மாதத்தில் எடுத்தது. தையில் தளும்பிக் கிடக்கும் கண்மாய் அக்கினி நட்சத்திரத்தில் வெடித்துக் கிடப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மென்பொருளுக்கு அது தெரியாது.

புவியியல் தகவல் அமைப்பு எனப்படும் ஜிஐஎஸ் ஆய்வில் புதிதாக இறங்கும் மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். எப்படிப்பட்ட தரவைக் கொடுத்தாலும் வரைபடம் வந்துவிடும், அதுவும் அழகாகவே வரும். எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று கற்றுக்கொள்வதே இந்த ஆய்வுப் பயிற்சியில் பெரும்பகுதி. பொத்தான்களை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

ஜிஐஎஸ் என்பது இடத்தோடு கட்டிய பதிவேடு. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் புல எண்ணுக்கு நேரே பரப்பும் வகைப்பாடும் இருப்பதுபோல, இதில் வரைபடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஓர் அட்டவணை வரிசை இருக்கும். ஊர் எல்லை, ஓடை, கண்மாய், சாலை, மழையளவு எல்லாம் தனித்தனி அடுக்குகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கேள்வி கேட்கலாம். 1960களில் கனடாவின் நில வளத்தைக் கணக்கிட ரோஜர் டாம்லின்சன் தொடங்கிய வேலை இது. பூமியைப் படமெடுக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. 2008இல் லேண்ட்சாட் படங்கள் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில் புவிசார் தரவு விதிகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. தரவு கிடைக்கவில்லை என்ற பழைய குறை இன்று பெருமளவு தீர்ந்துவிட்டது. கிடைத்த தரவு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான் இப்போதைய சிக்கல்.

லேண்ட்சாட் படத்தின் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அந்த 22 சென்டில் பாதி தண்ணீர், பாதி கரை என்றாலும் பிக்சலுக்கு ஒரே மதிப்புதான். பெரிய கண்மாயில் இது பொருட்டல்ல. சிறிய ஊருணியில் விளிம்பே பாதிப் பரப்பு என்பதால் பிழை பெருத்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் இன்னும் துல்லியமானது. அதன் பிக்சல் 10 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் 2015இல்தான் விண்ணுக்குப் போனது. முப்பதாண்டு வரலாறு வேண்டுமென்றால் 1984இல் ஏவப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேல் படமெடுத்த லேண்ட்சாட் 5-ஐத்தான் நாட வேண்டும். நீண்ட வரலாறா, நுட்பமான விவரமா என்பதை ஆய்வுக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீரைக் கண்டுபிடிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். பச்சை இலை அதைத் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்தே மென்பொருள் நீரையும் பயிரையும் பிரிக்கிறது. கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால்? ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர் உள்ளே இருந்தாலும் திரையில் அது வயல்போலத்தான் தெரியும். நீர்ப்பிடிப்பில் கருவேலம் அடர்ந்த கண்மாய்க்கும் இதே கதி. போதாக்குறைக்கு, கண்மாய்கள் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மேகத்தால் மூடிக்கிடக்கும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒன்று அதே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும். நிறைந்த கண்மாயின் தெளிவான படம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பருவம் கழிந்துவிடலாம். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்கள் அப்போது கைகொடுக்கும்.

இனி, இடத்தைக் குறிக்கும் எண்கள். தரைப்பரப்பை மீட்டரில் அளக்க உலகை வடக்கு தெற்காக நீளும் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44. அந்தக் கோடு மதுரை மாவட்டத்தின் ஊடாகவே போகிறது. உசிலம்பட்டி ஒரு பக்கம், மதுரை நகரம் மறுபக்கம். உசிலம்பட்டியில் அளந்த புள்ளிகளை 44ஆம் மண்டலம் என்று தவறாகக் குறித்தால், கண்மாய் 600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து, இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் போய் நிற்கும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். சிறிய பிழைதான் ஆபத்து. 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய நில அளவையின் வழிவந்த பழைய வரைபடங்கள், பூமியின் வடிவத்தைக் கணக்கிட வகுத்த எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறொன்றை. இரண்டையும் மாற்றாமல் அடுக்கினால் எல்லாம் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். நூறு மீட்டரில் ஒரு வீடு கண்மாய்க்குள் போய்விடும். ஓர் ஆக்கிரமிப்பு வெளியே வந்துவிடும். ஒரு குடும்பத்தின் பட்டாவைத் தொடும் விஷயம் இது.

எல்லைகளும் அசையும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள், இன்று 38. அந்தக் கணக்கெடுப்பின்படி வேலூர் மாவட்டத்தில் 39 லட்சம் பேர். 2019இல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனப் பிரிந்தது. பழைய எண்ணைப் புதிய எல்லைக்குள் போட்டால் வேலூரின் மக்கள் நெருக்கம் மலைபோல் உயர்ந்துவிடும். காரணம் கேட்டால் மாணவர் தொழில் வளர்ச்சி என்று எழுதக்கூடும்.

இத்தனை பொறிகள் இருந்தாலும் இந்த முறை மீது எனக்கு மதிப்பு குறையவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள், கண்மாய்கள். அவற்றில் பல சங்கிலியாகக் கோத்தவை. மேல் கண்மாயின் மறுகால் தண்ணீர்தான் கீழ் கண்மாய்க்கு உயிர். 'கண்மாய் சுருங்கியதா' என்று மட்டும் கேட்பதைவிட, ஒரே மழைக்கு மேல் கண்மாய் நிரம்பி, கீழ் கண்மாய் ஏன் நிரம்பவில்லை, இடையில் ஓடையை எது வெட்டுகிறது என்று கேட்டுப்பாருங்கள். மழையளவு, நில ஏற்றத்தாழ்வு, ஓடை, சாலை ஆகிய அடுக்குகள் அப்போது ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். ஒரு மனிதர் நடந்தே பார்த்து முடிக்க முடியாத நீளத்துக்கு அந்தச் சங்கிலியைக் காட்ட ஜிஐஎஸ்ஸால் முடியும்.

ஆனாலும் நடக்கத்தான் வேண்டும். கலங்கல் எந்த ஆண்டில் உடைந்தது, மடை எப்போது தூர்ந்தது என்பது எந்தப் படத்திலும் இல்லை. அது வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். வரப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால் சொல்லுவார். வரைபடத்தில் நீர் என்று வந்த இடங்களில் சிலவற்றையும் நீரில்லை என்று வந்த இடங்களில் சிலவற்றையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, கைப்பேசியோடு நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். எத்தனை சரி, எத்தனை தவறு என்பதை ஆய்வேட்டில் எழுத வேண்டும். தவறு அதிகம் என்றாலும் மறைக்கக் கூடாது.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுநிலைப் பாடத்திட்டத்தில் ஜிஐஎஸ் செய்முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் இரண்டு நாட்களையாவது கண்மாய்க் கரைக்கு ஒதுக்குங்கள். தையில் ஒரு நாள், சித்திரையில் ஒரு நாள், அதே கண்மாய்க்கு.