தாத்தாவின் 170/80

ரெசிப்ரோகேட்டிங் பம்ப் படித்திருப்பீர்கள். அதில் ஏர் வெசல் எதற்கு? விட்டு விட்டு வரும் தண்ணீரை வாங்கி வைத்துச் சீராக அனுப்பத்தானே! நம் இதயத்துக்கு அந்த வேலையைப் பெருந்தமனி செய்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்துகொடுத்து, பிறகு சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். வயதானால் அதன் சுவர் விறைத்துவிடுகிறது. அதனால் பிரஷரில் மேல் அளவு எகிறும், கீழ் அளவு ஏறாது. சிலருக்கு இறங்கவும் செய்யும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தாத்தாவுக்கு 170/80. "கீழ் நம்பர் சரியாத்தானே இருக்கு, தலைசுத்தல்கூட இல்லே, மாத்திரை எதுக்குடா?" என்று நிறுத்திவிட்டார். நானும் ஆமாம் போட்டேன். அங்கேதான் ஏமாந்தோம். கீழ் அளவு சரியாக இருந்து, மேல் அளவு மட்டும் 160-ம் அதற்கு மேலும் உள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த 'ஷெப்' ஆய்வு 1991-ல் வெளிவந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. (உப்பும் நாளைக்கு 5 கிராமுக்குள் வேண்டுமாம். மாவடு பிரியர்கள் மன்னிக்க!)

ஒருநாள் காலை 6 மணிக்கு அம்மா மண்டபம் படித்துறையில் தாத்தா கையிலிருந்த சொம்பு நழுவியது. வாய் கோணியது, பேச்சு குழறியது. வீட்டுக்குக் கூட்டிவந்து கையைத் தேய்த்துவிட்டு, காபி புகட்டப் பார்த்தோம். அதுவும் தப்பு, புரையேறிவிடும். காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மதியம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 108-க்கு உடனே போன் செய்திருக்கலாம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை இடக்கை நீட்டி வாங்கத் தாத்தா இன்னும் கூச்சப்படுகிறார்.