வீட்டுக்குள் ஓர் ஒற்றன்

ஒற்றர் விளையாட்டில் ஆசையில்லாத குழந்தை உலகத்தில் உண்டா என்பது சந்தேகமே. நமது பாலியத்தில் அதற்கு ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு காகிதமும் இருந்தால் போதும். சாற்றைத் தொட்டு இரகசியக் கடிதம் எழுதுவோம். அதைப் பெறுகிற நண்பன் விளக்குச் சூட்டில் காட்டி எழுத்துக்களை வெளிப்படுத்துவான். கடிதத்திலிருந்த இரகசியம், "நாளைக்கு மாங்காய் பறிக்கப் போகலாம்" என்பதற்கு மேல் பெரும்பாலும் இராது. ஆனாலும், அந்த எழுத்துக்கள் பழுப்பு நிறத்தில் மெல்ல மெல்ல எழும்பி வரும்போது ஏற்பட்ட புளகாங்கிதம், பிற்பாடு பட்டம் வாங்கிய தினத்தில்கூட நமக்கு ஏற்பட்டதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நமது குழந்தைகள் இருவரும், அதாவது எட்டாம் வகுப்பு முடித்த பையனும் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணும், "அப்பா, ஓர் ஒற்றர் விளையாட்டுச் செய்ய வேண்டும்" என்று வந்து நின்றார்கள். நாம் உற்சாகத்துடன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தோம். பெண் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவர்களுக்கு வேண்டியது பழம் அல்ல. ஆள் அசைந்தால் கண்டுபிடித்துக் கூவுகிற மின்னணுக் காவலாளி! இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிற நமக்கு, "அது எப்படிச் செய்வதென்று தெரியாது" என்று பெற்ற குழந்தைகளிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

ஆகவே மறுநாளே குழந்தைகளை அழைத்துக்கொண்டு, சென்னையில் அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சித் தெருவுக்குப் போனோம். அங்கே மின்னணுச் சாமான்கள் காய்கறிபோல் குவிந்து கிடக்கின்றன. எச்.ஸி.-எஸ்.ஆர். 501 என்னும் அசைவறியும் பலகை ஒன்று, பி.ஸி. 547 என்னும் டிரான்ஸிஸ்டர் ஒன்று, கூவுவதற்கு ஒரு சிறு பஸ்ஸர், ஓர் ஆயிரம் ஓம் தடை, நான்கு பென்சில் பாட்டரிகள், அவற்றை வைக்க ஒரு கூடு, கொஞ்சம் கம்பி. இவ்வளவுதான் காவலாளியின் சர்வாங்கமும்.

காவலாளியின் கண்

அந்தப் பலகை தீப்பெட்டியைவிடச் சிறியது. அதன்மேல் பிங்பாங் பந்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்தாற்போல் வெள்ளையாக ஒரு கும்மட்டம். "இதற்குள் காமிரா இருக்கிறதா, அப்பா?" என்று பெண் கேட்டாள். இல்லை. இந்தக் காவலாளி பிறவிக் குருடன். நம் முகத்தை அவன் அறியமாட்டான். அவன் அறிவதெல்லாம் நமது சூட்டைத்தான்.

சூடுள்ள பொருள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியை வீசிக்கொண்டேயிருக்கிறது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானசாஸ்திரி, பட்டகத்தினால் சூரிய ஒளியை வர்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வர்ணத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், வர்ணமே இல்லாத இடத்தில் பாதரசம் இன்னும் மேலே ஏறிற்று. அதைத்தான் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். நமது உடம்பும் இரவும் பகலும் அதை வீசிக்கொண்டிருக்கிறது.

அதைப் பிடிக்கிற கண்ணின் கதை நமது அண்டை நாட்டில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வர்த்தகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்னும் மணிக்கல்லை ஹாலந்துக்குக் கொண்டு போனார்கள். அக்கல்லின் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. அதைச் சூடாக்கினால் சாம்பலைத் தன்பால் இழுப்பதைக் கண்டு அவர்கள் அதிசயித்தார்கள். அந்த இழுப்பு மின்சாரத்தின் வேலை என்பதை 1756-இல் ஏபினஸ் என்பவர் நிரூபித்தார். சூடு மாறும்போது மின்சாரம் பிறக்கிற இந்தக் குணமுள்ள பொருள்தான் நம் காவலாளியின் கண்மணி. கல் மாறிவிட்டது, குணம் அதேதான்.

அந்தக் கண்மணி ஒன்றல்ல, இரட்டை. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரிடையாக இணைத்திருக்கிறார்கள். இரண்டின்மேலும் ஒரே அளவாகச் சூடு பட்டால் ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்று கழித்துவிடும். காவலாளி சும்மா இருப்பான். ஆள் குறுக்கே நடந்தால், முதலில் ஒன்றின்மேலும் பிறகு மற்றதன்மேலும் சூடு படுகிறது. அந்த வித்தியாசந்தான் அவன் கூவுவதற்குக் காரணம். வெள்ளைக் கும்மட்டத்தில் செதுக்கியுள்ள சிறு சிறு வில்லைகள், அறையைப் பல கீற்றுக்களாகப் பிரித்துக் கண்மணிமேல் விழச் செய்கின்றன. பிரான்ஸ் தேசத்துப் பிரெனெல், கலங்கரை விளக்குக்காகக் கண்ட வில்லையின் வம்சம் அவை. கோர்டுவான் கலங்கரை விளக்கில் 1823-இல் அது முதன்முதலாக ஒளி வீசிற்று. கடலில் கப்பலைக் காத்த வில்லை, இன்று நமது கூடத்தில் முறுக்குடப்பாவைக் காக்க வந்துவிட்டது!

கூவாத காவலாளி

பலகைக்கு மூன்று கால்கள். ஒன்று பாட்டரியின் நேர்முனைக்கு, ஒன்று எதிர்முனைக்கு, நடுவிலுள்ளது செய்தி சொல்ல. ஆள் அசைந்ததும் நடுக்காலில் 3.3 வோல்ட் மின்னழுத்தம் தோன்றும். பையன் பஸ்ஸரை நேரே அந்தக் காலில் மாட்டினான். அது ஈனஸ்வரத்தில் முனகிற்று. செய்தி சொல்கிறவனுக்கு மூட்டை தூக்கும் பலம் இல்லை என்று விளக்கினோம். நடுக்காலைத் தடையின் வழியாக டிரான்ஸிஸ்டரின் நடுக்காலுக்குக் கொடுக்க வேண்டும். டிரான்ஸிஸ்டர் மதகைத் திறந்து பாட்டரியின் மின்சாரத்தைப் பஸ்ஸருக்கு விடும்.

விளக்கம் பிரமாதமாக இருந்தது. இணைத்த பிறகுதான் முனகலும் நின்றுபோயிற்று. அரைமணி நேரம் பாட்டரியைச் சந்தேகித்தோம், கடைக்காரரைச் சந்தேகித்தோம். பெண் டிரான்ஸிஸ்டரை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, தட்டையான பக்கம் நம்மைப் பார்த்திருந்தால்தானே இடது பக்கம் கலெக்டர் என்றீர்கள்? இப்போது முதுகல்லவா நம்மைப் பார்க்கிறது?" என்றாள். திருப்பி மாட்டினோம். வீடு அதிரக் கூவிற்று!

இந்தக் காவலாளியைச் செய்ய விரும்புகிற பெற்றோருக்கு மூன்று வார்த்தைகள். வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகவே வேண்டாம். ஆறு வோல்ட் பாட்டரியே தாராளம். பாட்டரி இணைத்த முதல் ஒரு நிமிஷம் பலகை தூக்கத்தில் உளறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பலகையில் திருகுகிற குமிழ்கள் இரண்டு உண்டு: ஒன்று, மூன்று மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரையில் பார்வையின் தூரத்தை மாற்றும், மற்றது, எவ்வளவு நேரம் கூவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவதை மிகக் குறைவாக வைப்பது அண்டை வீட்டாருடன் சிநேகத்தைக் காக்கும்.

விளையாட்டு

கூடத்து ஊஞ்சற் பலகைமேல் உறையிட்ட ஓர் இரகசியக் கடிதம். ஜன்னல் மாடத்தில் காவலாளி. ரேழியிலிருந்து புறப்படுகிற ஒற்றன் காவலாளியைக் கூவவிடாமல் கடிதத்தை எடுத்துவர வேண்டும். முதல் நாள் தெருக் குழந்தைகள் ஏழு பேரும் தோற்றார்கள். ஓடியவனும் அகப்பட்டான், பாம்புபோல் ஊர்ந்தவனும் அகப்பட்டான்.

மூன்றாம் நாள் முதல் அவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். குறுக்கே போனால் உடனே அகப்படுகிறோம், நேர் எதிரே போனால் சற்றுத் தாமதமாகிறது என்று ஒருவன் கண்டுபிடித்தான். மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பையன் நாட்டியமே ஆடினான். காவலாளி வாய் திறக்கவில்லை. கண்ணுக்குத் திறந்திருக்கிற கண்ணாடி, உடற்சூட்டின் கதிருக்கு அடைத்த கதவு! கத்திரி வெயில் நடுப்பகலில் காவலாளி ஒரு நாள் எல்லாரையும் விட்டுவிட்டான். பாட்டரி தீர்ந்துவிட்டது என்றார்கள். மாலையில் காற்று வீசியதும் அவன் மறுபடி கூவினான். சுவரும் தரையும் நமது சருமத்தைப்போலவே சூடேறிவிட்டால், ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரிவதில்லை. இந்தப் பாடத்தை நாம் கரும்பலகையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம், ஒரு பையனாவது அதைக் கேட்டு, "ஆ!" என்று வாய் பிளந்தது கிடையாது. அன்று ஏழு வாய்கள் பிளந்தன.

இரவு இரண்டு மணி

இவ்வளவும் சந்தோஷமான கதை. இனிச் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல.

வீட்டில் முறுக்குடப்பா வேகமாகக் காலியாகி வந்தது. திருடன் யார் என்பதைப் பற்றி நாம் இவ்விடத்தில் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. குழந்தைகள் இருவரும் கலந்து யோசித்து, ஒருவருக்கும் தெரியாமல் காவலாளியைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் படுத்தார்கள். இரவு இரண்டு மணிக்கு அவன் வீரிட்டான். எல்லாரும் விழுந்தடித்து ஓடி விளக்கைப் போட்டோம். நமது தாயார் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து நழுவிய செம்பு தரையில் உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர். எழுபத்தெட்டு வயது, உடம்பு நடுங்கிற்று.

"திருடி அகப்பட்டுவிட்டேனா?" என்று அவர் சிரித்தார். குழந்தைகளும் சிரித்தார்கள். நாமும் சிரித்துவிட்டுப் படுத்தோம். அதுதான் நாம் செய்த பிழை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், பாட்டியின் உதடு வெடித்திருப்பதைப் பெண் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். பாட்டி முதலில் மழுப்பினார், பிறகு, "இராத்திரி எழுந்திருக்கிறதில்லை, கண்ணு. அது கத்தினால் உங்கள் தூக்கமெல்லாம் கெட்டுப்போகுமே" என்றார். காவலாளி அங்கே இல்லை. முதல் இரவோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லாத காவலாளிக்குப் பயந்து, இரண்டு இரவுகள் ஒரு கிழவி தம் சொந்த வீட்டில் தாகத்தோடு படுத்திருந்தார்.

பெண் ஒன்றும் பேசாமல் போய்ப் பாட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் போட்டாள். பையன் அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. நாம் அவர்களைக் கண்டிக்கவில்லை. கண்டிக்கிற யோக்கியதை நமக்கு இருந்ததாகவும் தோன்றவில்லை. இருபது வருஷம் பாடம் சொன்னவர், சூட்டைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தோமேயொழிய, காவல் வைக்கப்படுகிறவரின் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு சட்டங்கள்

மாலையில் குழந்தைகளே உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். காவலாளி வைத்திருப்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சம்மதியாதவர் நடமாடும் வழியில் வைக்கக் கூடாது. எடுத்துவிட்டால், எடுத்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். நேரில் கேட்டால் தெரிந்துவிடக் கூடிய விஷயத்துக்கு ஒற்றன் கூடாது.

2017-ஆம் ஆண்டில் நமது உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பது பேர் கூடி, அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு பல நூறு பக்கங்கள். அதன் சாரத்தை நமது குழந்தைகள் ஒரு செம்புத் தண்ணீரில் கண்டார்கள். கடைவீதியிலும் வாசற்படியிலும் சட்டைப்பையிலும் கண்கள் முளைத்துவிட்ட காலத்தில் அவர்கள் வளர்கிறார்கள். இக்கண்களை நாளைக்கு அவர்களில் சிலரே செய்யவும் போகிறார்கள். அப்போது பாட்டியின் உதடு அவர்கள் நினைவுக்கு வருமானால், இந்த விடுமுறை வீண்போகவில்லை.

திருக்குறளில் 'ஒற்றாடல்' ஐம்பத்தொன்பதாம் அதிகாரம். அதற்கு முன் அதிகாரம் 'கண்ணோட்டம்', அதாவது கண்ணிலே இருக்க வேண்டிய தாட்சண்யம். இவ்வரிசையை வகுப்பில் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறோம். அது ஏன் அப்படி என்று அன்றுவரை யோசித்ததில்லை.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று பாட்டியே, "நானும் ஆடுகிறேன்" என்று புறப்பட்டார். ரேழியிலிருந்து நேர் எதிரே, முழங்கால் வலிக்காக ஓரடி வைத்து நின்று, மறுபடி ஓரடி வைத்து, திருவிழாத் தேர்போல் நகர்ந்தார். பிற்பகல் வெயில் வேறு அவருக்குத் துணை செய்தது. காவலாளி மூச்சு விடவில்லை! தெருக் குழந்தைகள் ஏழு பேரும் கைதட்டி ஆர்ப்பரிக்க, பாட்டி கடிதத்தை எடுத்து உறையைப் பிரித்தார். வெறுங் காகிதம். பெண் ஓடிப்போய் விளக்கை ஏற்றி வந்தாள். காகிதத்தைச் சூட்டில் காட்டியதும், பழுப்பு நிறத்தில் எழுத்துக்கள் மெல்ல மெல்ல எழும்பின:

"முறுக்கைத் தின்றது அப்பா. நேரில் கேட்டோம்; ஒப்புக்கொண்டார்."

நாம் வாங்கிக் கொடுத்த எலுமிச்சம்பழம் வீண்போகவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.