மதம் கொண்ட யானையும் மூத்தோரின் அருகாமையும்

மாம்புரியில் கடலோசை கேட்டு வளரும் நம் பிள்ளைகள் காட்டு யானையை அதிகம் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் இதே புத்தளம் மாவட்டத்தின் கருவலகஸ்வெவ, வனாத்தவில்லு விவசாயிகளுக்கு அது பழகிய அச்சமாகும். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பி கசிந்து கன்னம் நனைந்திருந்தால், அந்த ஆண் யானைக்கு மதம் பிடித்திருக்கிறது என்று பொருள். மதம் வெறும் கோபமன்று. உடலில் ஊறும் சுரப்பால் வரும் பருவநிலை. ஆனால் அந்நேரத்தில் சீற்றம் எளிதில் மூளும்.

தென்னாபிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். குரூகர் பூங்காவில் யானைத்தொகையைக் குறைக்கப் பெரியவற்றைக் கொன்றனர். அநாதையான கன்றுகளைப் பிலானஸ்பேர்க் சரணாலயத்தில் விட்டனர். மூத்த ஆண்களின்றி வளர்ந்த அவற்றுக்கு உரிய வயதுக்கு முன்னரே மதம் பிடித்தது, மாதக்கணக்கில் நீடித்தது. 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை கொன்றன. 1998இல் ஆறு மூத்த ஆண் யானைகள் கொண்டுவரப்பட்டன. பெரியவற்றை எதிர்கொண்டதும் இளையவற்றின் மதம் அடங்கியது, கொலைகளும் நின்றன. வேலியோ தண்டனையோ செய்யாததை மூத்தோரின் அருகாமை செய்தது.

தொழிலுக்காக மாதக்கணக்கில் ஊர் நீங்கியிருக்கும் தந்தையரை நாம் குறைகூறவில்லை; அவ்விடத்தை மாமாவோ பெரியப்பாவோ நிரப்பலாம். எனினும் அருகிலிருந்தும் கத்துகின்ற தந்தை வேறு விடயம்.

கோபத்தில் நிற்பவர் அமரட்டும், தணியாவிட்டால் படுக்கட்டும் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதை மத்ரஸாவில் மனனம் செய்த மகன், வீட்டில் வாப்பா அவ்வாறு அமர்வதை ஒருமுறையேனும் கண்டிருக்கிறானா?