எத்தனை பழம்? எவ்வளவு தேன்?

பழனி மலைத் தொடரில், கொடைக்கானலில், 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். அன்று முதல் அங்கே ஆங்கிலம் உலவுகிறது. அதில் பலரும் சறுக்கும் இடம் 'மெனி', 'மச்'. தமிழருக்கு இது சிரமமா என்ன? எத்தனை பிளம்ஸ் என்றால் 'ஹவ் மெனி'. எவ்வளவு தேன் என்றால் 'ஹவ் மச்'. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் 'மச்' கட்சிதான். பல்லாக உரித்து எண்ணினால் 'மெனி'. சில சொற்கள் ஏமாற்றும்: எத்தனை சாமான் என்போம், ஆங்கிலத்திலோ 'ஹவ் மச் லக்கேஜ்'.

பெரிய வம்பு 'எ' என்ற ஓரெழுத்தில் இருக்கிறது. சீசன் சமயத்தில் விடுதி வாசலில் 'எ ஃபியூ ரூம்ஸ்' என்று எழுதினால், சில அறைகள் உண்டு. அந்த 'எ'யை விட்டுவிட்டாலோ, அறை அநேகமாக இல்லை என்று பொருள். ஆங்கிலம் அறிந்த பிரயாணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த விடுதிக்கு நடையைக் கட்டிவிடுவார்!