கேட்பவர் யார்? – தொடர்பாடல் ஆய்வுக்கு ஓர் அறிமுகம்

தொடர்பாடல் என்றதும் வானொலியும் பத்திரிகையும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். எனக்கு நினைவுக்கு வருவது மன்னார்க் கரையோரத்தின் தென்கோடியிலுள்ள மறிச்சுக்கட்டி.

1906ஆம் ஆண்டு அங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யச் சென்ற ஆங்கில அதிகாரிகளுள் ஒருவர் லெனாட் வூல்ஃப். தமிழரும் அராபியருமான சுழியோடிகள் கொண்டுவந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைத்த இடத்தில் எண்ணப்பட்டன. இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு சுழியோடிகளுக்கு. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 1921இல் வெளிவந்த 'முத்துக்களும் பன்றிகளும்' என்ற அவரது சிறுகதை.

இங்கிலாந்தின் கடலோர விடுதியொன்றில், கீழைத்தேயங்களை எப்படி ஆளவேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் பாதிரியார். அனுபவப்பட்ட அதிகாரி ஒருவர் முத்துக்குளிப்பில் தாம் கண்ட இரண்டு மரணங்களைச் சொல்கிறார். ஒரு வெள்ளையனின் சாவு அலங்கோலமானது. ஓர் அராபியச் சுழியோடியின் சாவோ கண்ணியமானது. கேட்டவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. சொல்லப்பட்டதெல்லாம் பன்றியின் முன் போட்ட முத்தாகிறது. தலைப்பு விவிலியத்திலிருந்து வந்தது, சற்றுக் கடுமையானதுதான்!

யார், எதை, எவ்வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று 1948இல் ஹரல்ட் லஸ்வெல் கேட்டார். வூல்ஃப்பின் கதை கடைசி இரண்டு கேள்விகளில்தான் நிற்கிறது. செய்தி ஊசிமருந்துபோல உள்ளே இறங்கிவிடும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. 1940ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது போல் லாசர்ஸ்ஃபெல்டும் துணைவர்களும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் இதைச் சோதித்தனர். ஏறத்தாழ 600 பேரை, அதே ஆட்களையே, மாதந்தோறும் சந்தித்துக் கேட்டார்கள். ஒருமுறை கேட்டால் ஒருவரின் கருத்துத் தெரியும். அது மாறுகிறதா என்பதை அறியத் திரும்பவும் அவரிடமே போகவேண்டும். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் சிலரே. பெரும்பாலோர் தாம் ஏற்கெனவே நம்பியதற்கு இசைவானதைத் தேடிக் கேட்டார்கள். அந்த நம்பிக்கையே மேலும் இறுகியது. விடுதியில் வூல்ஃப் உட்கார்த்தி வைத்தவர்களும் இவர்களே.

ஆய்வாளனும் கேட்பவன்தானே? அவனுக்கும் இந்தக் குறை உண்டு. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மறிச்சுக்கட்டியும் வெறுமையானது. போர் முடிந்து அவர்கள் திரும்பத் தொடங்கிய பின், முத்துக்குளிப்பு நினைவுகளைத் திரட்டக் கேள்விப் படிவத்துடன் அங்கு போனேன். முதியவர் ஒருவர் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நீங்க எதை எழுதப் போறீங்க? அதைச் சொல்லுங்க, அதுக்குத் தக்கமாதிரிச் சொல்லுறன்."

அவர் கேலி செய்யவில்லை. விருந்தாளிக்கு உதவ நினைத்தார். அதுதான் ஆபத்து. அப்படிக் கிடைக்கும் பதில்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டால் என் எண்ணமே எண்களாகத் திரும்பி வரும்.

படிவத்தை மடித்து வைத்தேன். தேநீர் வந்தது. வேறு பேச்சுக்கிடையில், தம் வாப்பா சிறுவயதில் கண்டதை அவராகவே சொன்னார். முத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. குவித்துவைத்த சிப்பி அழுகும் நாற்றமும் சோற்றில் மொய்த்த ஈக்களும்தான். வூல்ஃப்பின் கதையிலும் அதே நாற்றம், அதே ஈக்கள். என் படிவத்திலோ அதற்கு ஒரு கேள்விகூட இருக்கவில்லை.