எழுந்து நின்றார்கள்... ஆனால் பாடவில்லை! 3 பிள்ளைகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

காலை பிரேயர். மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 'ஜன கண மன' தொடங்குகிறது. எல்லோரும் பாடுகிறார்கள். ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள் என மூன்று பேர் மட்டும் பாடவில்லை.

அவர்கள் உட்காரவில்லை. பேசவில்லை. பாடுபவர்களைத் தொந்தரவு செய்யவும் இல்லை. மற்றவர்களைப் போலவே மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். வாய் மட்டும் அசையவில்லை, அவ்வளவுதான்.

இது தேசிய கீதத்துக்குச் செய்த அவமரியாதையா? இந்தக் கேள்வியால் 1985-ல் கேரளத்தில் அந்த மூன்று பேரின் பள்ளிப் படிப்பே நின்றுபோனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 'பிஜோ இமானுவேல் எதிர் கேரள அரசு' என்ற அந்த வழக்கின் தீர்ப்பு, மத சகிப்புத்தன்மை பற்றிய வாதம் வரும்போதெல்லாம் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டப்படுகிறது.

அப்படி அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

மூன்று பிள்ளைகளும் 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் உள்ள ஒரு பள்ளியில் படித்துவந்தனர். மூத்தவர் 10-ம் வகுப்பு, அடுத்தவர் 9-ம் வகுப்பு, கடைக்குட்டி 5-ம் வகுப்பு.

கடவுளைத் தவிர வேறு எதையும் வழிபாடு போலப் போற்றிப் பாடக் கூடாது என்பது இந்தப் பிரிவினரின் நம்பிக்கை. அதனால் எந்த நாட்டின் கீதத்தையும் அவர்கள் பாடுவதில்லை. இந்தியாவில் 'ஜன கண மன' பாடாதவர்கள், பிரிட்டனில் அந்த நாட்டு கீதத்தையும் அமெரிக்காவில் அந்த நாட்டு கீதத்தையும் பாடுவதில்லை. ஆக, இது இந்தியா மீதான வெறுப்பு அல்ல. இதை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது.

இந்தப் பிள்ளைகளுக்கு முன்பு அவர்களின் அக்காக்களும் அதே பள்ளியில் படித்தவர்கள். அவர்களும் இப்படித்தான் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அத்தனை ஆண்டுகளாக யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1985 ஜூலையில்தான் நிலைமை மாறியது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் கவனத்துக்கு இது வந்தது. அவர் சட்டசபையில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், தேசிய கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

ஆனாலும் கல்வித் துறை அதிகாரியின் அறிவுறுத்தலின் பேரில், ஜூலை 26-ம் தேதி தலைமை ஆசிரியை மூன்று பேரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும் வரையாவது பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தந்தை கேட்டார். மேலிடத்து உத்தரவு, என்னால் எதுவும் செய்ய முடியாது என்பதே தலைமை ஆசிரியையின் பதில்.

உயர் நீதிமன்றம் என்ன சொன்னது?

குடும்பம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்வும் தள்ளுபடி செய்தது.

உயர் நீதிமன்றம் தேசிய கீதத்தின் வரிகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல்லோ கருத்தோ அதில் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. பாட்டில் தவறு இல்லை, அப்படின்னா பாடுவதில் என்ன பிரச்னை? இதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. நம்மில் பலரும் இப்படித்தான் யோசிப்போம். ஆனால், இந்தக் கேள்வியே தவறு என்றது உச்ச நீதிமன்றம்.

உச்ச நீதிமன்றம் மாற்றிக் கேட்ட கேள்வி

நீதிபதிகள் ஓ.சின்னப்ப ரெட்டி, எம்.எம்.தத் அமர்வு 1986 ஆகஸ்ட் 11-ம் தேதி தீர்ப்பளித்தது. ஒரு நம்பிக்கை நமது அறிவுக்கோ உணர்வுக்கோ சரியாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை என்று அந்த அமர்வு சொன்னது. அந்த மதத்தைப் பின்பற்றும் ஒரு பிரிவினர் அதை உண்மையாகவும் மனசாட்சியுடனும் நம்புகிறார்களா? நம்புகிறார்கள் என்றால் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு அவர்களைப் பாதுகாக்கும். அதாவது, அடுத்தவரின் நம்பிக்கைக்கு நாம் மார்க் போட வேண்டியதில்லை.

நமக்கும் பிடித்த, நமக்கும் புரிந்த நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்வதற்கு சகிப்புத்தன்மையே தேவையில்லை. 'இதுல என்ன இருக்கு, பாடிட்டுப் போக வேண்டியதுதானே' என்று நமக்குத் தோன்றும் இடத்தில்தான் அது தேவைப்படுகிறது. மிகச் சிறிய சிறுபான்மையினர்கூட அரசியல் சட்டத்தின் கீழ் தங்கள் அடையாளத்தோடு வாழ முடிகிறதா என்பதே உண்மையான ஜனநாயகத்துக்கான சோதனை என்றும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வழக்கில் முக்கியமாக அலசப்பட்ட சட்ட விஷயங்கள் நான்கு.

1. தேசிய மரியாதைக்கு இழிவு ஏற்படுவதைத் தடுக்கும் சட்டம், 1971: தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் இடையூறு செய்வதும் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆனால், அமைதியாக எழுந்து நிற்பது தடுப்பதும் ஆகாது, இடையூறும் ஆகாது.

2. பிரிவு 51ஏ: தேசிய கீதத்தை மதிப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை. ஆனால், மதிப்பது வேறு, பாடுவது வேறு. கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்பதே உரிய மரியாதைதான். பாடாததால் மட்டும் அது அவமரியாதை ஆகிவிடாது என்றது நீதிமன்றம்.

3. பிரிவு 19(1)(ஏ): இது பேச்சுச் சுதந்திரம். இதைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் முறையான சட்டம் வேண்டும். கேரளத்தில் இருந்தவை கல்வித் துறையின் சுற்றறிக்கைகள் மட்டுமே. சுற்றறிக்கையைக் காட்டி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது.

4. பிரிவு 25: எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் உண்டு. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே இந்தச் சுதந்திரம். பிள்ளைகள் பேசாமல் நின்றதால் இதில் எதுவும் கெடவில்லை.

ஆக, பிள்ளைகளை நீக்கியது அவர்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பானது. அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க வேண்டும், தடையில்லாமல் படிக்க வழிசெய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நமது மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மையையே சொல்கின்றன, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்ற கருத்தோடு நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பை முடித்தார்.

அமெரிக்காவிலும் இதே பிரச்னை!

இந்தத் தீர்ப்பு வெளிநாட்டு வழக்குகளையும் அலசியது. அதில் அமெரிக்காவின் கதை கவனிக்க வேண்டியது.

பென்சில்வேனியா மாநிலத்தில் 1935-ல், பள்ளியில் தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததாக இதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் நீக்கப்பட்டனர். 1940-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தேச ஒற்றுமைதான் முக்கியம் என்பது அதன் வாதம்.

அதன் பிறகு நடந்ததுதான் அதிர்ச்சி. அமெரிக்காவின் பல ஊர்களில் யெகோவாவின் சாட்சிகள் மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. 'நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்கள் தேச விரோதிகள்' என்ற எண்ணம் பரவியது.

மூன்றே ஆண்டுகளில் அதே உச்ச நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1943 ஜூன் 14-ம் தேதி, மேற்கு வர்ஜீனியா வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில், கொடி வணக்கத்துக்கு மாணவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் தீவிரமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டுப்பற்று உச்சத்தில் இருந்தபோதுதான் அந்தத் தீர்ப்பு வந்தது.

இதே காலத்தில் ஜெர்மனியில், ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்த இந்தப் பிரிவினர் வதை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை அடையாளம் காண உடையில் ஊதா நிற முக்கோணம் தைக்கப்பட்டது. ஒரே மறுப்புதான். ஒரு நாடு அவர்களை முகாமில் அடைத்தது, இன்னொரு நாடு தன் தவறைத் திருத்திக்கொண்டது.

அப்போ நம்பிக்கை என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. நம்பிக்கை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அதனால் இன்னொருவரின் உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்து என்றால் அரசு தலையிடலாம்.

இதற்கு உதாரணம் இதே பிரிவினரிடமே இருக்கிறது. இவர்கள் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. வயது வந்த ஒருவர் தனக்கு ரத்தம் வேண்டாம் என்பது அவருடைய முடிவு. ஆனால், உயிருக்குப் போராடும் குழந்தைக்குப் பெற்றோர் மறுத்தால்? அப்படிப்பட்ட வழக்குகளில், குழந்தையைக் காப்பாற்ற ரத்தம் ஏற்றலாம் என்று இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகளின் நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேரளப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கவே மறுத்தால் என்ன என்பதை இந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

அந்தக் கேள்வி வேறு வடிவில் பின்னர் வந்தது. திரையரங்குகளில் படத்துக்கு முன்பு தேசிய கீதம் கட்டாயம், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று 2016 நவம்பர் 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 2018 ஜனவரி 9-ம் தேதி அந்த உத்தரவு மாற்றப்பட்டது. கீதத்தை ஒலிக்கவிடுவது கட்டாயமில்லை, ஒலிக்கும்போது மரியாதை காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஹிஜாப் வழக்கிலும் எதிரொலி

கர்நாடக ஹிஜாப் வழக்கிலும் பிஜோ இமானுவேல் தீர்ப்பு பேசப்பட்டது. கல்வி நிலையங்களில் ஹிஜாபுக்கான தடையை கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் உறுதி செய்தது. இஸ்லாத்தில் ஹிஜாப் அணிவது இன்றியமையாத மத வழக்கம் அல்ல என்பது அதன் முக்கியக் காரணம்.

இந்த 'இன்றியமையாத மத வழக்கம்' என்ற அளவுகோலுக்கும் பழைய மெட்ராஸ் மாகாணத்துக்கும் தொடர்பு உண்டு. மெட்ராஸ் இந்து அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்துதான் அது வளர்ந்தது.

ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தனர். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு துலியா ஏற்கவில்லை. பிஜோ இமானுவேல் தீர்ப்பை முக்கிய ஆதாரமாகக் காட்டிய அவர், மதத்தில் அது இன்றியமையாததா என்று ஆராய வேண்டியதில்லை, மாணவியின் நம்பிக்கை உண்மையானதா, அதனால் யாருக்காவது தீங்கா என்பதே கேள்வி என்ற நிலையை எடுத்தார். இதையடுத்து வழக்கு பெரிய அமர்வின் விசாரணைக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

நமக்கு இதிலிருந்து என்ன?

பக்கத்து வீட்டுக்காரர் பொங்கல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கோயில் பிரசாதம் என்றால் வேண்டாம் என்பார். உடன் வேலை பார்ப்பவர் ஆயுத பூஜைக்கு வந்து நிற்பார், பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார். இன்னொருவர் பிரியாணி விருந்துக்கு வருவார், தயிர் சாதம் மட்டும் சாப்பிடுவார். இதெல்லாம் தினமும் நடப்பதுதான்.

அப்போது 'நம்மை அவமதிக்கிறாரோ' என்று தோன்றினால், கேரள வழக்கில் கேட்கப்பட்ட கேள்விகளை நாமும் கேட்டுப் பார்க்கலாம். அவர் அதை உண்மையாகவே நம்புகிறாரா? அதனால் யாருக்காவது பாதிப்பு உண்டா? நாம் செய்வதை அவர் தடுக்கிறாரா, அல்லது தான் செய்யாமல் மட்டும் இருக்கிறாரா? தடுக்கவில்லை, பாதிப்பும் இல்லை என்றால் அங்கே பிரச்னையே இல்லை.

கிடங்கூர் பள்ளியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அக்காக்கள் காலத்திலிருந்தே மற்ற மாணவர்கள் பாடினார்கள், இவர்கள் பக்கத்தில் அமைதியாக நின்றார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக வகுப்புக்குப் போனார்கள். அந்தப் பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவரத்தான் டெல்லி வரை போய் ஒரு தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது.